மன்னிக்கும் உரிமையும் இரங்கும் கடமையும்

அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்



கருணை, மன்னிப்பு என்னும் இரு குணங்களைப் பற்றிப் பேசவிருக்கிறேன். அவற்றின் பெருமையைச் சாஸ்திரங்களிலிருந்தும் நீதி நூல்களிலிருந்தும் மேற்கோள் காட்டி விளக்கும் உரைகள் நம்மிடையே பல உண்டு. அவற்றால் விளையும் பயனும் பெரிது. ஆயினும் இன்று நான் நூல்களை விட்டு, ஓர் இடத்திலிருந்தும் அவ்விடத்தில் நடந்த சம்பவங்களிலிருந்தும் என் விசாரணையைத் தொடங்க விரும்புகிறேன். தாய்லாந்து நாட்டின் காஞ்சனபுரி நகரிலும், அதற்கு வடமேற்கே ஹெல்ஃபயர் பாஸ் என்று வழங்கும் மலைவெட்டின் அருகிலும் அமைந்துள்ள போர் நினைவுக் காட்சிச்சாலைகளை அண்மையில் கண்டு வந்தேன். கருணை, மன்னிப்பு என்று இவ்விரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய நம் வழக்கத்தை நிறுத்தி நிதானித்து ஆராய வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் வலுப்பெற்றது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னிப்பது துன்புற்றவனுக்கு மட்டுமே உரிய தனியுரிமை. இரங்குவது அத்துன்பத்தைக் கேள்வியுற்ற ஒவ்வொருவருக்கும் உரிய பொதுக்கடமை. உரிமையாக இருக்க வேண்டியதைக் கடமையாக்கித் துன்புற்றவன் தலையில் சுமத்துவதும், கடமையாக இருக்க வேண்டியதை விருப்பமாக்கி நாம் ஒதுங்கிக்கொள்வதும் ஒரே அநீதியின் இரு பகுதிகள். வள்ளுவர் பொறையுடைமையை இல்லறவியலில் வைத்து, அருளுடைமையைத் துறவறவியலின் முதல் அதிகாரமாக அமைத்த வைப்பு முறையிலும் இந்த வேறுபாட்டின் சாயலை நான் காண்கிறேன். தனக்குத் தீங்கிழைத்தவனைப் பொறுப்பது மனிதனுக்கு மனிதன் நேர்ப்படும் வாழ்க்கையில் எழுகின்ற அறம். எல்லா உயிர்களுக்கும் இரங்குவதோ தனது, தன்னவர் என்ற எல்லைகளைக் கடந்து செல்லும் அறம்.

பொருளுக்குள் நுழையுமுன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவையும் பர்மாவையும் கைப்பற்றிய ஜப்பானியப் படை, பர்மாப் போர்முனைக்குக் கடல் வழியே தளவாடங்களை அனுப்புவது அபாயகரமாகிவிட்ட நிலையில், தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை, மலையும் காடும் ஆறும் குறுக்கிடும் 415 கிலோமீட்டர் தூரத்திற்கு இருப்புப்பாதை அமைக்க முற்பட்டது. இரு முனைகளிலிருந்தும் வளர்ந்த பாதை 1943 அக்டோபர் 17 அன்று கொன்கொய்தா என்னுமிடத்தில் ஒன்றுசேர்ந்தது. பிரிட்டன், ஹாலந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்த 60,000-க்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் அதில் வேலை வாங்கப்பட்டார்கள். 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர், தமிழர் என ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர் அதே பாதையில் உழைத்தார்கள்; அவர்களில் இறந்தவர்கள் 90,000 அளவில் இருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. கைதிகளின் மரணக் கணக்கு பெயர்களை ஒவ்வொன்றாகக் கூட்டி வந்த தொகை. தொழிலாளர்களின் மரணக் கணக்கு வெறும் மதிப்பீடு. இன்றைய உரையின் மையம் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

மலாயாவிலிருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டோர் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்கள். யுத்தத்தால் ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டத்துத் துரைமார் ஓடிப்போனார்கள். அரிசி மறைந்து மரவள்ளிக் கிழங்கு உணவாயிற்று. துணிக்குப் பதில் சாக்கு உடையாயிற்று. நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித் தொடக்கத்தில் ஆள் சேர்த்தார்கள். திரும்பி வந்தவர் எவரையும் காணாமல் மக்கள் தயங்கத் தொடங்கியபோது, தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு விதித்து லாரிகளில் ஏற்றினார்கள். இலவசமாகப் படம் காட்டுவதாக அழைத்து, கூடியவர்களை அப்படியே ரயிலேற்றிய செய்தியை, ‘ஜப்பான்காரன் காலம்’ பார்த்த மலேசியத் தமிழ் முதியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். சாமான் ஏற்றும் மூடிய இரும்புப் பெட்டிகளில் அவர்களை அடைத்துக் கொண்டுபோய்ப் பான் போங்கில் இறக்கினார்கள்.

இனி என் கருத்தை ஆறு பகுதிகளாக வகுத்துச் சொல்கிறேன்.

1. மன்னிப்பு துன்புற்றவனின் தனியுரிமை

சிங்கப்பூர் வீழ்ச்சியில் சிறைப்பட்ட எரிக் லோமாக்ஸ் என்னும் பிரிட்டிஷ் அதிகாரி, காஞ்சனபுரி முகாமில் தோழர்களோடு சேர்ந்து இரகசியமாக வானொலிப் பெட்டி ஒன்றை வைத்திருந்தார். இருப்புப்பாதையின் வரைபடம் ஒன்றையும் வரைந்து மறைத்து வைத்திருந்தார். 1943-இல் அந்த வானொலிப் பெட்டி கண்டுபிடிக்கப்பட்டபோது இரண்டு கைகளும் ஒடியும்படி அவரை அடித்தார்கள். பிறகு ஜப்பானிய இராணுவப் போலீசார் விசாரணை என்ற பெயரில் அவரைச் சித்திரவதை செய்தார்கள்; மூச்சுத் திணறும்படி மூக்கிலும் வாயிலும் தண்ணீரைச் செலுத்தினார்கள். அந்த விசாரணை முழுவதிலும் கேள்வியை ஆங்கிலத்திலும் பதிலை ஜப்பானிய மொழியிலும் பெயர்த்துச் சொல்லிக்கொண்டு பக்கத்தில் நின்றவர் நகாசே தகாஷி என்ற இளைஞர். யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய லோமாக்ஸின் மனத்தில், அடித்தவர்களைக் காட்டிலும் ஆழமாகப் பதிந்திருந்தது அந்த மொழிபெயர்ப்பாளரின் குரலே. அரை நூற்றாண்டுக் காலம் அந்தக் குரலின் மீது கொண்ட வெறுப்போடு அவர் வாழ்ந்தார். அந்த வெறுப்பு அவருடைய உறக்கத்தையும் இல்வாழ்க்கையையும் அரித்தது.

நகாசே உயிரோடிருப்பதையும், தம் கடந்த காலத்தைக் குறித்து வருந்தி வாழ்வதையும் 1989-இல் ஒரு பத்திரிகைச் செய்தி வாயிலாக லோமாக்ஸ் அறிந்தார். அவருடைய மனைவி நகாசேக்குக் கடிதம் எழுதினார். 1993-இல், காஞ்சனபுரியில் அந்த இருப்புப்பாதையின் ஆற்றுப் பாலத்தின் அருகே, முதுமை எய்திவிட்ட அவ்விருவரும் சந்தித்தார்கள். பின்னர் ஜப்பான் சென்ற லோமாக்ஸ், தனியறையில் நகாசேயைச் சந்தித்து, தாம் முழுமையாக மன்னித்துவிட்டதைத் தெரிவிக்கும் கடிதம் ஒன்றை அவரிடம் அளித்தார். அந்த ஆண்டுகளின் கதையை அவர் 1995-இல் நூலாகவும் எழுதினார்.

இக்கதையைக் கேட்பவர்கள் பெரும்பாலும் முடிவை மட்டுமே எடுத்துக்கொண்டு, பார்த்தீர்களா, மன்னிப்பால் எத்துணை நன்மை என்று உபதேசம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. அம்மன்னிப்பு ஒருவர் கட்டளையிட்டு வந்ததன்று. ஓர் அரசோ மதமோ சங்கமோ கேட்டு வந்ததுமன்று. அடியுண்ட கைகளுக்கு உரியவர், தாம் விரும்பிய காலத்தில், தாம் விரும்பிய மனிதருக்கு, நேருக்கு நேராக அளித்தது அது. அதே முகாம்களில் துன்புற்ற வேறு பலர் இறுதி மூச்சு வரையில் மன்னிக்க மறுத்தார்கள். லோமாக்ஸை உயர்ந்தவர் என்று போற்றலாம். மறுத்தவர்களைத் தாழ்ந்தவர்கள் என்று சொல்ல நமக்கு எந்தப் பாத்தியதையும் கிடையாது. கொடுக்காமலிருக்கும் சுதந்திரம் உள்ளவன் கொடுப்பதற்கே கொடை என்று பெயர்; மறுக்கும் உரிமையைப் பறித்துக்கொண்டு வாங்கும் மன்னிப்பு, இரண்டாம் முறையாகச் செய்யப்படும் பலாத்காரம்.

2. பிராயச்சித்தம் மன்னிப்புக்காகக் காத்திருப்பதில்லை

நகாசேயின் வாழ்க்கையைத் தனியே நோக்கினால் மற்றோர் உண்மை புலப்படும். 1945-இல் ஜப்பான் சரணடைந்த சில வாரங்களிலேயே, இறந்த கைதிகளின் புதைகுழிகளைத் தேடி இருப்புப்பாதை நெடுகிலும் சென்ற நேசநாட்டுக் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராக அவர் உடன் சென்றார். காட்டுக்குள் புதர் மண்டிக் கிடந்த புதைகுழிகளை வரிசை வரிசையாகக் கண்டு கணக்கெடுத்த அந்த அனுபவம் அவரை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்கவில்லை. 1960-களில் தொடங்கி நூறு முறைக்கு மேல் அவர் தாய்லாந்து சென்று வந்தார். 1976-இல் முன்னாள் கைதிகளும் முன்னாள் ஜப்பானிய வீரர்களும் அப்பாலத்தில் சந்திப்பதற்கு ஏற்பாடு செய்தார். 1986-இல் பாலத்தின் அருகே சமாதானக் கோயில் ஒன்றை எழுப்பினார். தம் நாட்டு இராணுவம் செய்த கொடுமைகளைத் தம் நாட்டு மக்களிடமே எடுத்துச் சொல்லி, அதனால் வந்த பகையையும் ஏற்றுக்கொண்டார்.

இவற்றில் பெரும்பகுதி லோமாக்ஸின் மன்னிப்புக்கு முன்னரே நிகழ்ந்தது என்பதைக் கவனியுங்கள். லோமாக்ஸ் உயிரோடிருக்கிறாரா என்பதுகூட அறியாத ஆண்டுகளில் அவர் தம் பிராயச்சித்தத்தைச் செய்துகொண்டிருந்தார். மன்னிப்பு கிடைக்கும் என்ற உறுதி இருந்தால் வருந்துவேன் என்பவன் பேரம் பேசுகிறான். அவ்வுறுதி இல்லாமலே உண்மையை ஒப்புக்கொண்டு, தன்னால் இயன்ற பரிகாரத்தைச் செய்துவருபவனே கழுவாய் தேடுகிறவன். அக்கழுவாயின் முதற்படி நடந்ததை நடந்தபடி சொல்வது. சொல்லப்படாத குற்றத்தை மன்னிப்பதற்கு வழியே இல்லை. ஏனெனில் எதை மன்னிக்கிறோம் என்பதே தெரியாது.

3. கருணைக்கு எவர் அனுமதியும் வேண்டுவதில்லை

மன்னிப்புக்கு இத்தனை நிபந்தனைகள் இருக்க, கருணைக்கோ ஒரு நிபந்தனையும் இல்லை. துன்பம் கண்ணில் பட்டால் போதும்; காண்பவன் யார், துன்புறுபவன் யார் என்ற விசாரணை அதற்கு வேண்டியதில்லை.

காஞ்சனபுரியில் பூன்போங் என்ற தாய்லாந்து வணிகர் இருந்தார். முகாம்களுக்குக் காய்கறி முதலியவற்றை விற்கும் ஒப்பந்தம் அவரிடம் இருந்தது. அந்த வியாபாரத்தின் மறைவில், ஆற்றில் ஏறிச் சென்ற தம் படகுகளில், மருந்துகளையும் பணத்தையும் கைதிகளின் வைத்தியர்களுக்கு இரகசியமாகக் கொண்டு சேர்த்தார். அகப்பட்டால் உயிர் போகும் என்பதை அவர் அறிவார். அந்தக் கைதிகள் அவருடைய நாட்டவருமல்லர், மதத்தவருமல்லர்.

இன்னும் அதிகமாக என் சிந்தையைக் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. 1943 மே, ஜூன் மாதங்களில், பருவமழையோடு வாந்திபேதி முகாம்களில் பரவியது. கைதிகளிடம் அதிகாரிகள் இருந்தார்கள், வைத்தியர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் இராணுவக் கட்டுப்பாடு இருந்தது. அப்படியிருந்தும் அவர்களில் பலர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர் முகாம்களில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை. அங்கே பெண்களும் குழந்தைகளும்கூட இருந்தார்கள். நோயில் விழுந்தவனைப் பார்க்க ஆளில்லை. செத்தவனைப் புதைக்கத் தெம்புள்ளவன் இல்லை. அந்த நிலையில், சிங்கப்பூரின் சாங்கி முகாமிலிருந்து கைதிகளின் வைத்தியர்களையும் மருத்துவப் பணியாளர்களையும் கொண்ட இரண்டு குழுக்களை, தொழிலாளர் முகாம்களுக்கென்றே ஜப்பானியர் அனுப்பினார்கள். தாங்களே எலும்பும் தோலுமாகி, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்த கைதிகள், மொழி தெரியாத தமிழரையும் ஜாவானியரையும் மூங்கில் பரண்களில் கிடத்தி, கையிலிருந்த சொற்ப ஔஷதங்களைக் கொண்டு காப்பாற்ற முயன்றார்கள். அவர்களை அனுப்பியது கட்டளைதான்; ஆனால் மலஜலத்தில் கிடந்த அந்நியன் ஒருவனைத் தூக்கிக் கழுவி, நீர் புகட்டும் சிரத்தையை எந்தக் கட்டளையும் உண்டாக்கிவிட முடியாது. துன்புறுபவனே மற்றொரு துன்புறுபவனுக்கு இரங்கிய அந்தச் செயலைக் கருணையின் உச்சமாக நான் கருதுகிறேன்.

4. தீங்கிழைத்தவனுக்கும் இரங்கலாம்; தீங்கை மறைக்கலாகாது

முகாம்களில் கைதிகளோடு நாள்தோறும் நேரடியாக மோதியவர்களில் பெரும்பாலோர் கொரியக் காவலர்கள். கொரியா அப்போது ஜப்பானின் அடிமை நாடு. ஜப்பானியச் சிப்பாய் கொரியனை அறைவான்; கொரியன் கைதியை அறைவான். லீ ஹாக்-ரே என்ற கொரிய இளைஞர் தம் 17-ஆம் வயதில் காவலராகச் சேர்க்கப்பட்டு, ஹின்டோக் முகாமில் நிறுத்தப்பட்டார். நோயாளிகளைப் படுக்கையிலிருந்து வேலைக்கு விரட்டிய குற்றத்திற்காக, யுத்தத்தின் பின் சிங்கப்பூரில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது சிறைத் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. நீதிமன்றம் அவரை ஜப்பானியராக நடத்தித் தண்டித்தது. தண்டனை முடிந்து ஜப்பானில் வாழ்ந்தபோது, ஜப்பானியர் அல்லர் என்று சொல்லி, முன்னாள் ஜப்பானிய வீரர்களுக்குரிய உதவித் தொகையை ஜப்பானிய அரசு மறுத்தது. இந்த அநீதிக்காக அவர் 2021-இல் மறையும் வரையில் போராடினார்.

அவரே 1991-இல் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவுக்குச் சென்று, ஹின்டோக்கில் நோயாளிகளுக்காகத் தம்மோடு நாள்தோறும் வாதாடிய வைத்தியர் எட்வர்ட் டன்லப் அவர்களைக் கண்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். டன்லப் யுத்தத்துக்குப் பின் பழைய பகைவர்களோடு சமாதானம் பேணுவதையும் ஆசிய நாடுகளுக்கு மருத்துவ உதவி செய்வதையும் தம் பணியாகக் கொண்டவர். லீயின் கதை நமக்குப் போதிப்பது நுட்பமானது. அவருடைய இளமையையும் அடிமை நிலையையும் எண்ணி நாம் இரங்கலாம், இரங்கவே வேண்டும். ஆனால் அவ்விரக்கம், காய்ச்சலில் கிடந்தவன் வேலைத்தலத்தில் விழுந்து இறந்தான் என்ற உண்மையை ஓர் அணுவளவும் குறைத்துச் சொல்ல நமக்கு இடம் தராது. லீயும் அப்படிக் குறைத்துச் சொல்லிக்கொண்டு கான்பராவுக்குச் செல்லவில்லை. காரணத்தை அறிந்து இரங்குவது ஒன்று. காரணத்தைக் காட்டிக் குற்றத்தை அழிப்பது மற்றொன்று.

5. பெயரற்றோர் சார்பில் மன்னிக்க எவருக்கும் அதிகாரமில்லை

காஞ்சனபுரியின் நடுவே போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கைதிகள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். ஒழுங்காக வெட்டிய புல்தரையில், சாய்வாக அமைந்த சிறு கல்மேடைகளில், ஒவ்வொருவருக்கும் ஒரு வெண்கலப் பலகை: பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது; பல பலகைகளில், அடியில், தாயோ மனைவியோ எழுதச் சொன்ன ஓரிரு வரிகள். வரிசையாகப் படித்துக்கொண்டே போனால், இருபதிலும் முப்பதிலும் முடிந்துபோன ஆயுள்கள் நெஞ்சை அழுத்துகின்றன. சிறந்த முறையில், அன்போடு, இடைவிடாமல் பராமரிக்கப்படும் இடம் அது. அதைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. ஆனால் அந்தத் தோட்டத்தில் மலாயாத் தோட்டத்துத் தமிழன் ஒருவனுடைய பெயரும் இல்லை. அவனுக்கென்று அமைந்த தனிக் கல்லறை, இருப்புப்பாதையின் 415 கிலோமீட்டர் நெடுகிலும் ஓரிடத்திலும் இல்லை. 1990-இல் காஞ்சனபுரிக்கு அருகே கரும்பு வயலொன்றில் குவியலாக எலும்புக் கூடுகள் வெளிப்பட்டன; அவை அத்தொழிலாளர்களுடையவை.

ஹெல்ஃபயர் மலைவெட்டில் நான் கண்டது ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். பாறையில் வெடி வைப்பதற்காகத் துளையிட ஒருவன் இரும்புத் துளையுளியைப் பிடித்துக்கொள்ள, மற்றொருவன் சம்மட்டியால் அடிப்பான். ஒவ்வொரு அடிக்கும் உளியைத் திருப்ப வேண்டும். துளையில் நீர் விட்டுப் பொடியை வழித்தெடுக்க வேண்டும். விதிக்கப்பட்ட ஆழம் எட்டாமல் அன்றைய வேலை முடியாது. மூங்கில் தீவட்டிகளும் எண்ணெய் விளக்குகளும் எரிய இரவு பகலாக அவ்வேலை நடந்ததால்தான் அவ்விடத்துக்கு நரக நெருப்பின் பெயர் வந்தது. வெட்டுண்ட சுவரில், முறிந்த உளி ஒன்று இன்றும் துளைக்குள்ளேயே இறுகிப்போய் நிற்கிறது. கைதிகளும் ஆசியத் தொழிலாளர்களும் அந்தப் பாறையை வெட்டினார்கள். உளியைப் பிடித்த கை எந்த நாட்டானுடையது என்று பாறை சொல்லாது. கல்லறைத் தோட்டம் மட்டும் சொல்லும், அதுவும் ஒரு பகுதியாருக்கு.

இனி அரசுகள் செய்ததைப் பார்ப்போம். இந்தியா 1952-இல் ஜப்பானோடு செய்துகொண்ட சமாதான உடன்படிக்கையில் யுத்த நஷ்டஈட்டுக் கோரிக்கைகள் அனைத்தையும் விட்டுக்கொடுத்தது. மலேசியா 1967-இல் ஜப்பானிடமிருந்து 25 மில்லியன் மலேசிய வெள்ளி மதிப்புள்ள பொருளுதவியை ஏற்று அந்த விவகாரத்தை முடித்துக்கொண்டது. பிரிட்டிஷ் அரசு 2000-ஆம் ஆண்டில், ஜப்பானியரிடம் சிறைப்பட்டு அப்போது உயிரோடிருந்த முன்னாள் கைதிகளுக்குத் தலா 10,000 பவுண்டு வழங்குவதாக அறிவித்தது. ராஜதந்திர நோக்கில் இவற்றுக்கு நியாயங்கள் உண்டு. நாடுகள் பகையை வளர்த்துக்கொண்டே இருப்பது நன்றன்று என்பதை நானும் ஒப்புகிறேன். ஆயினும் இவற்றில் எதற்கும் மன்னிப்பு என்று பெயரிட முடியாது. சயாம் என்று நம்மவர் அழைத்த தாய்லாந்தில் கணவனை இழந்து, அத்தாப்புக் குடிசையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு பால்மரம் வெட்டப் போன பெண்ணை எந்த அரசும் அழைத்து, உன் கருத்து என்ன என்று கேட்கவில்லை. அவளுடைய கடனை அவளைக் கேளாமலே தள்ளுபடி செய்தார்கள். இறந்தவன் மன்னிக்க முடியாது. அவன் பெயரும் தெரியாதபோது, அவனுக்காக மன்னிப்பதாகச் சொல்பவன் அவனிடம் எஞ்சியிருந்த ஒரே உடைமையையும் எடுத்துக்கொள்கிறான்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். அப்படியானால் பகையை என்றென்றும் சுமக்க வேண்டுமா? வேண்டியதில்லை. இன்றைய ஜப்பானிய இளைஞன் மீது பகை பாராட்டுவதற்கு நமக்கு நியாயமில்லை. மன்னிக்கும் அதிகாரம் நமக்கு இல்லாதது போலவே பழிவாங்கும் அதிகாரமும் நமக்கு இல்லை; அவ்விரண்டும் காட்டில் புதைந்தவர்களோடு போய்விட்டன. நமக்கு எஞ்சியிருப்பது கருணை ஒன்றே. அதைத்தான் நாம் நெடுங்காலம் செய்யாமல் விட்டோம்.

6. இரங்கும் கடமையின் இன்றைய வடிவம்

இறந்துபோனவனுக்கு எவ்வாறு இரங்குவது? அவனுக்குச் சோறிட முடியாது, மருந்து தர முடியாது. அவனை மனிதனாக, ஊரும் பேரும் உறவும் உள்ள ஒருவனாக மீண்டும் நினைவில் நிறுத்துவது ஒன்றே அவனுக்கு நாம் செய்யக்கூடியது. இதில் அரசுகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் முன்பாகச் செயற்பட்டவர்கள் மலேசியத் தமிழ் எழுத்தாளர்களே. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள், ஏடுகளில் இடம்பெறாத மக்களுக்குக் குடும்பமும் பேச்சும் முகமும் கொடுத்தன. அண்மைக் காலத்தில் தமிழர்களின் முயற்சியால் காஞ்சனபுரியில் நடுகல் ஒன்றும் எழுந்திருக்கிறது. வீரனுக்குக் கல் நட்ட மரபில், கூலிக்காரனுக்கும் கல் நடத் துணிந்த அந்த முயற்சியை நான் மனமார வாழ்த்துகிறேன்.

ஆனால் கல்லோடு நின்றுவிடலாகாது. மலாயாத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆற்காடு, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து சென்றவர்கள். யுத்தத்தோடு கடிதம் நின்றுபோன குடும்பங்கள் நம் ஊர்களில் இன்றும் உண்டு. ‘பினாங்குக்குப் போன பெரியப்பா என்ன ஆனாரோ’ என்று ஒரு பாட்டி சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம், இரண்டு தலைமுறை கடந்து ஒரு பேரனின் காதில் மங்கலாக நிற்கக்கூடும். அந்த வாக்கியம் சரித்திர சாட்சியம். அதைச் சொல்லக் கேட்டவர்கள் மறையுமுன், ஊரையும் பேரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதி வைக்கும் பணியை இங்கே அமர்ந்திருக்கும் வரலாற்று மாணவர்கள் மேற்கொள்ள வேண்டும். 90,000 என்ற மதிப்பீட்டிலிருந்து ஒரே ஒரு மனிதனைப் பெயரோடு வெளியே கொண்டுவந்தாலும் அது கருணைச் செயலே.

இதைவிட நெருக்கமான கடமை ஒன்றும் உண்டு. அக்காட்டில் தமிழன் மாண்டதற்கு வாந்திபேதி மட்டும் காரணமன்று. அவன் யாருடைய கணக்கிலும் இல்லை என்பதே அடிப்படைக் காரணம். கைதி இறந்தால் ஓர் அதிகாரி குறித்துக்கொண்டான். தொழிலாளி இறந்தால் மறுநாள் வேறொருவன் அவனிடத்தில் நிறுத்தப்பட்டான். இம்மனோபாவம் யுத்தத்தோடு முடிந்துவிடவில்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் இயற்றப்பட்ட பின்னும், செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்திற்குக் கட்டுண்ட குடும்பங்கள் மீட்கப்படும் செய்தியைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். நம் நகரங்களின் மாடிக் கட்டடங்களை எழுப்ப ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கும் இளைஞர்களை, ஒப்பந்தக்காரரின் கணக்கில் ஓர் எண்ணாகவே நாமும் பார்க்கிறோம். அன்று நம்மவர் மொழி தெரியாத நாட்டில் கூலியாக நின்றார்கள். இன்று மொழி தெரியாதவர்கள் கூலிகளாக நம் வாசலில் நிற்கிறார்கள். சயாமில் இறந்தவனுக்காகக் கண்ணீர் விட்டு, வாசலில் நிற்பவனின் பெயரைக் கேளாமலிருந்தால், நம் கண்ணீர் இனப்பற்றாக இருக்கலாமே தவிரக் கருணை ஆகாது.

பெரியோர்களே, மாணவ நண்பர்களே, சொன்னவற்றைத் தொகுத்து முடிக்கிறேன். துன்புற்றவனிடம் சென்று மன்னித்துவிடு என்று சொல்லாதீர்கள்; அது அவனுடைய அந்தரங்க உரிமை. தீங்கிழைத்தவனிடம், மன்னிப்பு கிடைக்குமா என்று பாராமல் உண்மையைச் சொல்லத் தொடங்கு என்று சொல்லுங்கள். இறந்தவர்கள் சார்பில் மன்னிக்கவும் வேண்டாம், பழிவாங்கவும் வேண்டாம். அவர்களுடைய பெயர்களைத் தேடி எழுதி வையுங்கள். உயிரோடிருக்கும் கூலிக்காரனுக்குப் பெயரும் கணக்கும் நியாயமான கூலியும், நோயுற்றால் வைத்தியமும் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். கிடைக்கவில்லையெனில் கிடைக்கும்வரை ஓயாதீர்கள். மன்னிப்பு என்னும் உரிமை நம்மில் சிலருக்கே வாய்க்கும். இரங்கும் கடமையிலிருந்து நம்மில் ஒருவருக்கும் விலக்கு இல்லை.